லோகோவுக்குப் பிறகு நீலத்திரை: விண்டோஸ் ஏறவில்லை, உள்ளே வட்டே இல்லை என்கிறது

#1 தாரகை

வணக்கம். என் மடிக்கணினி திடீரென்று ஏற மறுக்கிறது. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, லோகோ வருகிறது, அதன் கீழே புள்ளிகள் கொஞ்ச நேரம் சுழல்கின்றன. அப்புறம் நீலத்திரை. 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று ஒரு வரி. தானாக ரீஸ்டார்ட் ஆகி மறுபடியும் அதே கதை. சில சுற்றுகள் போன பிறகு 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரை வருகிறது. அதுவும் சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது.

11ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, புதிதாக எந்த மென்பொருளும் போடவில்லை.

என் ஆய்வேடு இதில்தான் இருக்கிறது. முதல் மூன்று இயல்கள் மின்னஞ்சலில் உள்ளன. கடைசி இரண்டும் களப்பணிக் குறிப்புகளும் இந்த வட்டில் மட்டுமே. காட்டிய இடத்தில் "எஸ்எஸ்டி போயிருக்கும், புதிது போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறோம்" என்றார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன் இங்கே கேட்கலாம் என்று வந்தேன்.

#2 வேங்கை

விண்டோஸ் கோப்புகள் கெட்டுப்போயிருக்கும். வேறொரு கணினியில் நிறுவல் பென்டிரைவ் தயார் செய்து, அதிலிருந்து ஏற்றி, சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து மறுபடி நிறுவுங்கள். ஒரு மணி நேர வேலை. நீலத்திரையோடு மல்லுக்கட்டுவதைவிட இதுதான் சுருக்கு வழி.

#3 மின்னல்கொடி

தாரகை, இப்போதைக்கு எதையும் ஃபார்மட் செய்ய வேண்டாம். எஸ்எஸ்டியையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டாம். இரண்டு இயல்கள் உள்ளே இருக்கும்போது நிறுவல் பென்டிரைவைச் செருகுவதுகூட ஆபத்து. அதில் தப்பான பகுதியைத் தொட்டால் போனது போனதுதான்.

முதலில் இது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்போம். பட்டனை அழுத்தியதும் மின்சாரம் சீராகிறது. மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர் விழித்து பிராசசர், ரேம், திரை எல்லாவற்றையும் சோதிக்கிறது. பிறகு அதே ஃபர்ம்வேர் வட்டில் பூட் மேனேஜரைத் தேடி எடுக்கிறது. பூட் மேனேஜர் விண்டோஸின் கருவை, அதாவது கெர்னல் என்ற மைய நிரலை, ரேமில் ஏற்றுகிறது. அதுவரை வட்டைப் படித்துக் கொடுப்பது ஃபர்ம்வேர். கரு பொறுப்பை எடுத்துக்கொண்ட நொடியிலிருந்து விண்டோஸ் தன்னுடைய டிரைவரை, அதாவது வன்பொருளோடு பேசும் சிறு நிரலை, கொண்டே வட்டைப் படிக்க வேண்டும்.

உங்களுக்கு லோகோ வருகிறது. ஆகவே மின்சாரம், பிராசசர், ரேம், திரை நான்கும் பெரும்பாலும் தப்பித்துவிட்டன. புள்ளிகள் சுழல்கின்றன. ஆகவே பூட் மேனேஜரும் கிடைத்திருக்கிறது, கருவும் ஏறியிருக்கிறது. நீலத்திரை சொல்லும் வரியின் பொருளும் அதுதான்: கரு எழுந்துவிட்டது, ஆனால் தான் வந்த பகுதியை அதனால் திரும்பத் தொட முடியவில்லை. வட்டே கெட்டாலும் இப்படி ஆகும். வட்டுக்கான டிரைவர் பொருந்தாவிட்டாலும் அச்சு அசலாக இதே திரைதான்.

இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பயாஸுக்குள், அதாவது அந்த ஃபர்ம்வேரின் அமைப்புத் திரைக்குள், போனால் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா? இயக்கியதும் அழுத்த வேண்டிய விசை பெரும்பாலும் எஃப்2 அல்லது டெலிட். எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள்.

ரிப்பேர் திரையில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'டிஸ்க்பார்ட்', பிறகு 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்தால் என்ன காட்டுகிறது? அந்த இரண்டு மட்டும் போதும். வட்டைத் துடைத்துவிடும் 'கிளீன்' என்ற சொல்லின் பக்கமே போகாதீர்கள்.

விண்டோஸ் வாங்கும்போதே இருந்ததா, பிறகு யாராவது நிறுவினார்களா?

கடைசியாக ஒழுங்காக வேலை செய்தது எப்போது? அன்று மூடும்போது திரையில் என்ன தெரிந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பதில் எழுதுங்கள்.

#4 தாரகை

பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் இருக்கிறது, அளவும் 512 என்றே காட்டுகிறது.

டிஸ்க்பார்ட்டில் காட்டுவதற்கு நிலையான வட்டு எதுவும் இல்லை என்று வருகிறது. பட்டியலே வரவில்லை. அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

வாங்கும்போது இருந்த விண்டோஸ் இல்லை. ஆய்வகத்தில் ஒரு அண்ணன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவித் தந்தார். அப்போது முதலில் வட்டு தெரியவில்லை என்று ஏதோ அமைப்பை மாற்றியது நினைவிருக்கிறது. எதை என்று தெரியாது, அவர் இப்போது வெளிநாட்டில்.

கடைசி நாள்: ஷட் டவுன் கொடுக்கும்போது 'அப்டேட் செய்து மூடு' என்று இருந்தது, அதையே கொடுத்தேன். விண்டோஸின் வழக்கமான வட்டத்துக்குப் பிறகு திரை கறுத்து, லோகோவுக்குக் கீழே ஒரு பட்டை மெதுவாக நிரம்பியது. சார்ஜரைக் கழற்றாதீர்கள் என்று எழுதியிருந்தது. விசிறியும் முழு வேகத்தில் சுற்றியது. முடிந்து தானாக அணைந்தது. மறுநாள் காலையில் இந்த நிலை.

#5 வேங்கை

டிஸ்க்பார்ட்டிலேயே தெரியவில்லை என்றால் வட்டின் கன்ட்ரோலர், அதாவது அதை இயக்கும் சில்லு, போய்விட்டது என்றுதான் பொருள். பயாஸில் பெயர் மட்டும் தெரிந்து உள்ளே எதுவும் படிக்க வராத எஸ்எஸ்டிகள் உண்டு. தகவல் மீட்பவர்களிடம்தான் போக வேண்டியிருக்கும்.

#6 மின்னல்கொடி

வேங்கை சொல்வது போன்ற வட்டுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஒன்று இடிக்கிறது. டிஸ்க்பார்ட் ஓடிய அந்தக் கறுப்புத் திரை எங்கிருந்து வந்தது?

தாரகை பென்டிரைவ் எதையும் செருகவில்லை. ரிப்பேர் திரை என்பது தனியாக ஒரு குட்டி விண்டோஸ். அது இருப்பது இதே எஸ்எஸ்டியில், ரெக்கவரி என்று ஒதுக்கிய பகுதியில். சில நூறு எம்பி அளவுள்ள அந்தக் கோப்பு முழுவதையும் வட்டிலிருந்து படித்து ரேமில் வைத்த பிறகுதான் அது ஓடத் தொடங்கும். செத்த வட்டு அதைத் தராது. ஃபர்ம்வேர் கேட்டபோது வட்டு பிசகாமல் கொடுத்திருக்கிறது. ரேமில் எழுந்த பிறகு, தன் டிரைவரைக் கொண்டு பார்த்த குட்டி விண்டோஸுக்கு மட்டும் அது தெரியவில்லை. பெரிய விண்டோஸுக்கும் அதே இடத்தில்தான் சறுக்குகிறது.

இப்போது அந்தப் பட்டை. அது விண்டோஸ் அப்டேட் இல்லை, பயாஸ் அப்டேட். விண்டோஸ் அப்டேட் வழியாகவே அதுவும் வந்து இறங்கும். பயாஸ் புதுப்பிக்கப்படும்போது சில மடிக்கணினிகளில் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும்.

மூன்றாவது, அந்த அண்ணன் மாற்றிய அமைப்பு. 11ஆம் தலைமுறை இன்டெலிலிருந்து மடிக்கணினிகளில் விஎம்டி என்று ஒன்று பரவலாக வந்தது. அது இயங்கினால் என்விஎம்இ வட்டு நேரடியாகத் தெரியாது, விஎம்டி கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும். அதைப் பார்க்க இன்டெலின் ஆர்எஸ்டி டிரைவர் வேண்டும். விண்டோஸின் நிறுவல் பென்டிரைவில் அந்த டிரைவர் இல்லாததால், நிறுவும்போது வட்டே காணவில்லை என்று காட்டும். நிறையப் பேர் பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டு நிறுவுவார்கள். அண்ணனும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

மூன்றையும் சேர்த்தால்: விஎம்டி அணைந்த நிலையில் நிறுவிய விண்டோஸ். பயாஸ் அப்டேட் விஎம்டியை மறுபடி இயக்கிவிட்டது. வட்டு நலமாக இருக்கிறது, விண்டோஸுக்கு அதற்குப் போகும் வழிதான் தெரியவில்லை.

இது என் ஊகம்தான். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. லினக்ஸ் கருவிலேயே விஎம்டி டிரைவர் உண்டு. வேறொரு கணினியில் உபுண்டு என்ற லினக்ஸைப் பதிவிறக்கி, ரூஃபஸ் என்ற கருவி கொண்டு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து ஏற்றுங்கள். 'நிறுவாமல் முயன்று பார்' என்ற தேர்வை மட்டும் எடுங்கள். பயாஸில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். என் ஊகம் சரியென்றால் லினக்ஸுக்கு வட்டு தெரியும். அதற்கும் தெரியாவிட்டால் வேங்கை சொன்ன வழியில் யோசிப்போம்.

தெரிந்தால் அடுத்த வேலை பயாஸ் இல்லை. ஆய்வேட்டை வெளி வட்டில் எடுத்து வைப்பதுதான்.

#7 கார்முகில்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையதும் ஏறாத கணினிதான், ஆனால் எனக்கு லோகோவே வரவில்லை. புதிதாகச் சேர்த்த டெஸ்க்டாப். ரைசன் 7600, டிடிஆர்5 ரேம் இரண்டு குச்சி. பட்டனை அழுத்தினால் விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றன, திரை கறுப்பு. மதர்போர்டு ஓரத்தில் டிராம் என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறேன். ரேமை மாற்ற வேண்டுமா?

#8 நெய்தல்கரை

கார்முகில், தனி இழை தொடங்கினால் இன்னும் வசதி, ஆனாலும் இங்கேயே சொல்கிறேன்.

உங்கள் சிக்கல் தாரகையுடையதற்கு மிகவும் முன்னால் நிற்கிறது. வட்டு, விண்டோஸ் இரண்டையும் மறந்துவிடுங்கள். ரேம் சோதனையே முடியவில்லை.

முதலில் அணைக்காமல் காத்திருங்கள். டிடிஆர்5 ரேமைப் புதிதாகச் செருகி முதன்முறை இயக்கும்போது, மதர்போர்டு ஒவ்வொரு இணைப்பின் நேரக் கணக்கையும் தானே அளந்து சரிசெய்கிறது. மெமரி டிரெய்னிங் என்பார்கள். பல நிமிடங்கள் ஆகலாம். அத்தனை நேரமும் திரை கறுப்பாகத்தான் இருக்கும், டிராம் விளக்கு எரியும், நடுவில் ஓரிரு முறை தானாக அணைந்து எழவும் செய்யும். ஒரு நிமிடத்தில் அணைத்தால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. எனவே இயக்கிவிட்டுக் கால் மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு குச்சியை மட்டும் செருகுங்கள். நான்கு இடம் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, ஏ2 என்று எழுதியிருக்கும். கையேட்டிலும் ஒருமுறை பாருங்கள். 'டக்' என்று பூட்டு விழும்வரை அழுத்த வேண்டும். பாதி விழுந்த குச்சி பார்வைக்குச் சரியாகவே தெரியும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே பூட்டு உண்டு, அங்கே பூட்டில்லாத முனையை விரலால் தடவிப் பாருங்கள்.

பிராசசருக்கான எட்டு முனைக் கம்பி, மதர்போர்டின் மேல் இடது மூலையில், செருகியிருக்கிறதா? அது இல்லாவிட்டாலும் விசிறிகள் சுற்றும். விசிறி சுற்றுவதை வைத்துக் கணினி உயிரோடு இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. 12 வோல்ட் வந்தால் விசிறி சுற்றிவிடும், பிராசசர் ஒரு கட்டளைகூட ஓட்டியிருக்காது.

அப்புறம், தனி கிராஃபிக்ஸ் அட்டை போட்டிருந்தால் மானிட்டர் கம்பி அந்த அட்டையில்தான் இருக்க வேண்டும்.

#9 தாரகை

மின்னல்கொடி, லினக்ஸில் வட்டு தெரிகிறது! இடப்பக்கப் பட்டியலில் 512 ஜிபி என்று வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் பூட்டுப் படம். சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கிறது. விண்டோஸ் கடவுச்சொல்லைக் கொடுத்தேன், ஏற்கவில்லை. நான் எதையும் பூட்டியதே இல்லை.

#10 மின்னல்கொடி

தெரிகிறது என்ற ஒரு வரி போதும், இனி நம்பிக்கையோடு போகலாம். பூட்டு பற்றி நெய்தல்கரை என்னைவிட நன்றாகச் சொல்வார். அதற்குள் பயாஸில் கை வைத்துவிடாதீர்கள், சாவி கையில் வந்த பிறகு தொடுவோம்.

#11 நெய்தல்கரை

அது பிட்லாக்கர், விண்டோஸின் வட்டுக் குறியாக்கப் பூட்டு. நீங்கள் பூட்டவில்லை, விண்டோஸ் 11 தானே பூட்டியிருக்கிறது. பொருத்தமான வன்பொருள் இருந்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் வட்டு தானாகக் குறியாக்கம் ஆகிவிடும். மீட்புச் சாவி அதே கணக்கில் போய்ச் சேரும்.

கைப்பேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் உங்கள் மடிக்கணினியைத் தேர்ந்தெடுங்கள். பிட்லாக்கர் சாவிகள் என்று இருக்கும். 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் வகுபடும் எண். அதனால் விண்டோஸின் நீலப் பூட்டுத் திரையில் ஒரு தொகுதியைப் பிழையாக அடித்தால் அங்கேயே நிறுத்திவிடும். லினக்ஸில் அந்தக் கடவுச்சொல் பெட்டியிலேயே சாவியை இடையில் கோடுகளோடு அப்படியே கொடுக்கலாம், திறக்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள எண் இருக்கும், விண்டோஸ் கேட்கும்போது திரையில் வரும் அடையாளத்தோடு ஒப்பிடுங்கள். கிடைத்ததும் தாளில் எழுதி, இன்னொருவரைப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஏறாமல் நின்றன. ஒன்றிலும் வன்பொருள் கெடவில்லை. சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை நீக்கினால் போதும். ஆனால் சேஃப் மோடுக்குப் போகவே பல இடங்களில் பிட்லாக்கர் சாவி வேண்டியிருந்தது. பழுது எளிது, சாவியைத் தேடுவதில்தான் மணிக்கணக்கில் போனது.

#12 தாரகை

சாவி கிடைத்துவிட்டது, கணக்கில்தான் இருந்தது. லினக்ஸில் கொடுத்ததும் டாக்குமென்ட்ஸ் எல்லாம் அப்படியே திறந்தது. ஆய்வேட்டுக் கோப்புறையையும் களக் குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் வெளி வட்டுக்கு எடுத்துவிட்டேன். நான்காம் இயலைத் திறந்து கடைசிப் பத்தியைப் படித்தும் பார்த்தேன். உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

#13 மின்னல்கொடி

மிகவும் மகிழ்ச்சி. திறந்து படித்துப் பார்த்தது நல்ல பழக்கம். நகலெடுத்து முடிந்தது என்று திரை சொல்வதும், கோப்பு உண்மையில் திறப்பதும் வேறு வேறு.

லினக்ஸில் இருக்கும்போதே வட்டின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் ஸ்மார்ட் அறிக்கை, அதாவது வட்டு தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு, கிடைக்கும். அதில் கிரிட்டிகல் வார்னிங், மீடியா எர்ரர்ஸ் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அவைலபிள் ஸ்பேர் 100 பக்கத்தில் இருக்கட்டும். பர்சன்டேஜ் யூஸ்ட் என்பது வட்டின் தேய்மானம், குறைவாக இருந்தால் நல்லது.

பிறகு பயாஸுக்குப் போய் விஎம்டி கன்ட்ரோலர் என்று இருப்பதை டிசேபிள் செய்து, சேமித்து வெளியேறுங்கள். வேறு எதையும் இப்போது தொட வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். சில பயாஸ்களில் விஎம்டியை மாற்றினால் தகவல் அழியலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும். பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ரெய்டு அமைத்து வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும். உங்களுடையது ஒற்றை வட்டு, நகலும் எடுத்தாகிவிட்டது. அஞ்ச வேண்டாம்.

#14 தாரகை

ஸ்மார்ட்: வார்னிங் 0, மீடியா எர்ரர்ஸ் 0, ஸ்பேர் 100, யூஸ்ட் 6.

ஆனால் பயாஸில் விஎம்டி என்ற சொல்லே எங்கும் இல்லை. மெயின், செக்யூரிட்டி, பூட், எக்சிட் நான்கே பக்கங்கள். எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

#15 மின்னல்கொடி

சில மடிக்கணினிகளில் அதை மறைத்து வைத்திருப்பார்கள். மெயின் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்துங்கள். புதிய வரி ஒன்று முளைக்கிறதா பாருங்கள். வராவிட்டால் மாடல் எண்ணைச் சொல்லுங்கள், கையேட்டில் தேடலாம்.

#16 தாரகை

முளைத்தது! மெயின் பக்கத்தின் அடியில் விஎம்டி கன்ட்ரோலர், எனேபிள்ட் என்று இருந்தது. டிசேபிள் செய்து எஃப்10 அழுத்தினேன். நீலத் திரையில் பிட்லாக்கர் சாவி கேட்டது, தாளைப் பார்த்து எட்டுத் தொகுதியையும் அடித்தேன். புள்ளிகள் சுழன்றன. வழக்கமான உள்நுழைவுத் திரை!

மூடித் திறந்தும் பார்த்துவிட்டேன். இரண்டாவது முறை சாவி கேட்கவில்லை. எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்கிறது, உலாவியில் திறந்து வைத்த பக்கங்கள் உட்பட.

#17 வேங்கை

மிக நல்ல செய்தி. ரெக்கவரி எங்கிருந்து ஏறியது என்ற அந்தக் கேள்வி எனக்கும் பெரிய பாடம், குறித்து வைத்துக்கொண்டேன். ஒரு சந்தேகம்: விஎம்டியை அணைப்பதற்குப் பதில் விண்டோஸில் ஆர்எஸ்டி டிரைவரை ஏற்றினால் தொழிற்சாலை அமைப்பிலேயே ஓடுமே, அது மேல் அல்லவா?

#18 மின்னல்கொடி

ஓடும். ஆனால் விஎம்டியால் வரும் முக்கியப் பயன் இரண்டு மூன்று வட்டுகளைச் சேர்த்து ரெய்டு அமைப்பவர்களுக்குத்தான். ஒற்றை என்விஎம்இ வட்டுக்கு விண்டோஸின் சொந்த டிரைவரே போதும். தாரகைக்கு ஆர்எஸ்டிக்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நன்றாக ஓடும் கணினியில் பூட் டிரைவரை மாற்றி இன்னொரு நீலத்திரையை வரவழைப்பானேன்?

இதன் எதிர்த்திசையும் நடக்கும். விஎம்டியோடு, அல்லது பழைய கணினிகளில் ரெய்டு முறையில், நிறுவிய விண்டோஸ் இருக்கும். யாரோ பயாஸில் டீஃபால்ட் ஏற்றுவார்கள், அல்லது டெஸ்க்டாப்பில் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்து அமைப்பெல்லாம் அழியும். வட்டை அணுகும் முறை, ரெய்டு இல்லாத சாதாரண ஏஹெச்சிஐக்கு மாறிவிடும். அதே நீலத்திரை. கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

#19 இளந்தூறல்

என்னுடையது பழைய டெஸ்க்டாப், சாட்டா எஸ்எஸ்டி. ஒரு நாள் ஒழுங்காக ஏறும், ஒரு நாள் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று கறுப்புத் திரையில் எழுதும். பக்கவாட்டில் தட்டினால் சில நேரம் வருகிறது. விண்டோஸின் வட்டுப் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க் ஓட்டலாமா?

#20 வேங்கை

செக்டிஸ்க் இப்போது வேண்டாம். ரிப்பேர் தேர்வோடு ஓட்டினால் அது வட்டில் எழுதும். வட்டோ இணைப்போ தடுமாறும்போது அதை ஓட்டினால், சரியாகப் படிக்க வராத கோப்புகளைச் சிதைந்தவை என்று கருதி ஒதுக்கிவிடும். முதலில் நகல், பிறகுதான் ரிப்பேர்.

தட்டினால் வருகிறது என்றால் கம்பிதான் என் முதல் சந்தேகம். ஏறும் நாளில் ஸ்மார்ட் அறிக்கை எடுத்து 199ஆம் எண்ணைப் பாருங்கள், சிஆர்சி எர்ரர் கவுண்ட். அது வட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் வழியில் சிதைந்த தகவலின் கணக்கு. அது ஏறிக்கொண்டே போய், வட்டிலேயே கெட்ட இடங்களைக் கணக்கிடும் 5, 197 எண்கள் இரண்டும் பூஜ்யத்தில் இருந்தால் வட்டு நலம், சாட்டா கம்பி சரியில்லை. கம்பியை மாற்றி, மதர்போர்டில் வேறொரு சாட்டா வாயில் செருகுங்கள். மின்சாரம் தரும் கம்பியையும் ஒருமுறை கழற்றிச் செருகுங்கள். 199இன் பழைய எண்ணிக்கை குறையாது, புதிதாக ஏறாமல் நின்றால் போதும்.

5, 197 ஏறியிருந்தால் அந்த வட்டை நம்பாதீர்கள். டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு முழு வட்டையும் நகலெடுத்துவிட்டு மாற்றிவிடுங்கள்.

#21 கார்முகில்

நெய்தல்கரை அண்ணா, இயக்கிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பயாஸ் திரை காத்திருக்கிறது! நடுவில் ஒருமுறை அணைந்து எழும் சத்தம் கேட்டது. இரண்டு குச்சியும் தெரிகின்றன, 32 ஜிபி. ஆனால் வேகம் 6000 என்று வாங்கியது 4800 என்று காட்டுகிறது. மாற்றலாமா?

#22 நெய்தல்கரை

மாற்றலாம். பயாஸில் எக்ஸ்போ என்று இருப்பதை, அதாவது ரேமில் பதிந்துள்ள கூடுதல் வேக அமைப்பை, இயக்கினால் 6000க்குப் போகும். ஆனால் முதலில் 4800லேயே விண்டோஸை நிறுவி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். பிறகு மாற்றுங்கள். மாற்றியதும் டிரெய்னிங் மறுபடி நடக்கும், திரை கறுப்பானதும் அணைத்துவிடாதீர்கள்.

#23 தாரகை

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அடுத்த பயாஸ் அப்டேட்டில் இது மறுபடி நடக்குமா? அப்டேட்டையே நிறுத்திவிடலாமா?

#24 மின்னல்கொடி

நடக்கலாம். ஆனாலும் நிறுத்த வேண்டாம், பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அந்த அப்டேட்டுகள்தான். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும், கண்ட்ரோல் எஸ் அழுத்திய பிறகு தெரியும் வரியோடு சேர்த்து, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பயாஸ் அப்டேட்டை நீங்களே பதிவிறக்கி ஓட்டுவதாக இருந்தால் அதற்கு முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். அப்டேட் முடிந்து நீலத்திரை வந்தால் நேராகப் பயாஸுக்குப் போய் விஎம்டி வரியை மட்டும் பாருங்கள்.

#25 தாரகை

படம் எடுத்துவிட்டேன். சாவி எழுதிய தாள் ஒன்று வீட்டில், ஒன்று ஆய்வகத்தில். களக் குறிப்புகளின் இரண்டாவது நகல் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது, ஒலிப்பதிவுகள் பெரியவை என்பதால் இரவு முழுவதும் ஆகும். முடிந்ததும் ஐந்தாம் இயலுக்குத் திரும்புகிறேன்.